பேசிக்கொண்டே எறிவது

மார்ச் 3, திங்கள்

இன்று ஒரு காலுறைகூடக் கட்டெறும்பின் மேல் படவில்லை.

கூடத்தில் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, சுருட்டிய காலுறைகளை ஒரு வாளியில் நிரப்பிக்கொண்டு நான் எறிய, அவள் கால் நகராமல் தலையை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒதுக்குவாள். எல்லாம் அவள் அண்ணனுடைய காலுறைகள். "அடியே, இதுல உனக்கென்ன பெருமை? உங்கண்ணன் காலுறைன்னா நானும்தான் ஒதுங்குவேன். வாசனை முன்னாடியே வந்து சேதி சொல்லிடுது" என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்ததையும் தவிர்த்துவிட்டாள். அந்த வேகத்தைப் பார்த்தால் எனக்கே கழுத்து சுளுக்கிக்கொள்ளும்போல இருந்தது.

கட்டெறும்பு என் வீட்டுக்காரரின் தங்கை. நான் கல்யாணமாகி வந்தபோது இரட்டைச் சடையோடு கதவுக்குப் பின்னால் நின்றாள். இப்போது குத்துச்சண்டை போடுகிறாள். சின்ன உருவம், கறுப்பு, கடித்தால் விடமாட்டாள். பெயர் நான் வைத்ததுதான்.

இந்த டைரியும் அவளுடையதுதான். தினமும் பயிற்சியை எழுது என்று மாஸ்டர் கொடுத்தாராம். ஜனவரியில் ஒரு பக்கத்தில் "ஓடினேன்" என்று எழுதியிருக்கிறாள். அடுத்த பக்கத்தில் "இன்றும்." அதோடு சரி. இவ்வளவு வெள்ளைத்தாள் வீணாகப் போகிறதே என்று நான் எடுத்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. புள்ளி விட்டுப் போயிருந்தால் படிக்கிறவர்கள் வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளட்டும். யார் படிக்கப் போகிறார்கள்?

மார்ச் 5

நான் வேலை பார்க்கிற சட்டைக் கம்பெனியில், எங்கள் இஸ்திரிப் பிரிவில் ஆவி இயந்திரம் பழுது. "கவலையே வேணாம், இவ வாயைத் திறந்தா போதும், அத்தனை சட்டையும் சுருக்கம் போயிடும்" என்றாள் பட்டன் தைக்கிற அக்கா. நல்ல வசை. நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 8, சனி

பயிற்சிக் கூடத்துக்குப் போயிருந்தேன். போகாமலே இருந்திருக்கலாம்.

வேறு கூடத்திலிருந்து ஒரு பெண் சனிக்கிழமைகளில் வந்து இவளோடு பயிற்சிச் சண்டை போடுகிறாள். இடது கைக்காரி. நல்ல உயரம், நெட்டை என்று வைத்துக்கொள்கிறேன். வளையத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நான் பாட்டுக்கு இவளை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தேன். "ஆடு எறும்பு, ஆடு, அந்தப் பொண்ணு கை நீளம்னா நீ அதுக்குள்ள போய் வீடு கட்டு" — இப்படி ஏதாவது. நெட்டையின் இடது கை வருகிறது. எனக்கே தெரிகிறது, தோளைத் திருப்பி, சாவகாசமாக வருகிறது. இவள் நிற்கிறாள். வாங்குகிறாள். மறுபடியும் அதே கை, அதே கன்னம். வீட்டில் மின்னல் மாதிரி ஒதுங்குகிறவள்தானா இவள்?

மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பல்பு எரிய எரியத் தட்டுற பலகையில கை வெச்சா இவளை அடிச்சுக்க ஆளில்ல. வீட்லயும் வேகம்ங்கிறீங்க. மனுஷன் எதிர்ல வந்தா மட்டும் ஏன் தூங்கிடுறா?"

"நான் வந்த ராசியா இருக்கும் மாஸ்டர்."

"நீங்க வராத அன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்லதான்" என்றார். அவர் சிரிக்கவில்லை. அதனால் நான் சிரித்துவைத்தேன்.

பேருந்தில் வரும்போது கட்டெறும்பு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்: "ஏப்ரல் கடைசியில தேர்வுப் போட்டி அண்ணி. பயிற்சி முகாமுக்கு ஒரு இடம்தான். எனக்கும் அவளுக்கும்தான் போட்டின்னு மாஸ்டர் சொல்லிட்டார். அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். இதுல போகலைன்னா கிளவுஸைக் கழட்டி வெச்சிட்டுக் கடை வேலைக்குப் போயிடுவேன்."

"எந்தக் கடைக்கு?"

"ஏதாவது ஒரு கடை."

"உன் மூஞ்சியைப் பார்த்தா வாங்க வந்தவங்க காசைக் கொடுத்துட்டு சாமானை வாங்காம ஓடிடுவாங்களே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கன்னம் வீங்கியிருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

மார்ச் 9

காலுறை எறிந்தேன். ஒன்றும் படவில்லை. மாஸ்டருக்குக் காட்டலாம் என்று வீட்டுக்காரரிடம் என் போனைக் கொடுத்து வீடியோ பிடிக்கச் சொன்னேன். மனிதர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், எதையும் மேலும் கீழும்தான் பார்ப்பார். படத்தில் பாதி என் கால், பாதி கூரை. இரண்டாம் முறை சரியாக எடுத்தார்.

மார்ச் 14

தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வருகிறது. வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மறைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

என்ன நடந்தது என்று எனக்கே விளங்கவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

குரல் இல்லையென்றால் என்ன, கை இருக்கிறதே என்று வாளியை எடுத்துக்கொண்டு நின்றேன். முதல் காலுறை நெற்றியில் பட்டது. அடுத்தது காதில். அதற்கடுத்து நான் எறியவே இல்லை, சும்மா நின்றேன் — இவள் ஒதுங்கினாள். திரும்ப நின்றாள், திரும்ப ஒதுங்கினாள். எதுவும் வராதபோது தலை ஆடுகிறது, வரும்போது மரம் மாதிரி நிற்கிறது. நெற்றியெல்லாம் வியர்வை. வளையத்தில் மூன்று சுற்று போட்டால்கூட அவளுக்கு அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை.

"அண்ணி, ஏதாவது பேசுங்களேன்" என்றாள்.

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். காலுறை பட்டு அழுகிற குத்துச்சண்டைக்காரியை உலகத்தில் யாராவது பார்த்திருப்பார்களா? கிண்டல் செய்யக் குரலும் இல்லை, மனசும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தேன்.

மார்ச் 17, திங்கள்

வேலை முடிந்து இரண்டு பேரும் மாஸ்டரிடம் போனோம். நேற்று நடந்ததைக் கட்டெறும்பு சொன்னாள். என் போனில் அன்று எடுத்த வீடியோவை அவர் போட்டுப் பார்த்தார். பிறகு சத்தத்தைக் கூட்டிவைத்து மறுபடி பார்த்தார். பிறகு எங்களுக்குக் காட்டினார்.

படத்தில் நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். ஐயோ, எவ்வளவு பேசுகிறேன். காலுறை, பக்கத்து வீட்டுக் குழாய், என் முழங்கால் வலி. திடீரென்று பேச்சு நிற்கிறது. இவள் தலை நகர்கிறது. அப்புறம்தான் என் கை எழுகிறது.

"பார்த்தீங்களா? பேச்சு நிக்குது, தலை போகுது, கை கடைசியா வருது. எறியறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் வாயை மூடுறீங்க. உங்களுக்கே தெரியாது. இவ உங்க கையையும் பார்க்கல, தோளையும் பார்க்கல. உங்க வாய் எப்ப நிக்கும்னு கேட்டுட்டு நிக்கிறா. இது வேகம் இல்ல."

"அப்ப வளையத்துல?"

"அங்கயும் நீங்கதானே பெஞ்சுல உட்கார்ந்து பேசுறீங்க. இடது கை வருதுன்னு கண்ணு சொல்லுது. அண்ணிதான் பேசிட்டிருக்காங்களே, ஒண்ணும் வராதுன்னு காது சொல்லுது. அது ரெண்டும் பேசி முடிக்கிறதுக்குள்ள கன்னத்துல விழுந்துடுது."

"நான் வராத அன்னிக்கு?"

"அன்னிக்கு ஏமாத்தற குரல் இல்ல, அவ்ளோதான். தோளைப் பார்க்கிற பழக்கம் அன்னிக்கும் இல்ல."

நான் கரகரத்த குரலில், "சரி, இனிமே வீட்டிலேயே வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துக்கிறேன்" என்றேன். மாஸ்டர் தலையாட்டவில்லை. "போட்டியில நூறு பேர் பேசுவான், நூறு பேர் நிறுத்துவான். எல்லார் வாயையும் கட்ட முடியுமா? பேச்சுக்கும் அடிக்கும் சம்பந்தமில்லன்னு இவ உடம்புக்குத் தெரியணும். நீங்க பேசிட்டே எறியணும். வார்த்தை பாதியில இருக்கும்போதே. சும்மா இருக்கும்போது எறியாமலும் இருக்கணும்."

வரும் வழியெல்லாம் கட்டெறும்பு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெருவைக் கடந்த பிறகும் விடவில்லை.

மார்ச் 18

வேலைக்குக் கிளம்புவதற்கு முன் எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மாமனார் நன்றாகப் பேசுவார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். பேசிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று பேச்சு நிற்கும். நின்றால் கை எழும். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் மேல். என் வீட்டுக்காரர் அப்போது வளர்ந்தவர், சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். இந்தச் சின்னது எங்கே போகும்? கதவுக்குப் பின்னால் நிற்கும். ஒளிந்து விளையாடுகிறது என்று வந்த புதிதில் நினைத்தேன். அது காது கொடுத்துக்கொண்டிருந்தது. பேச்சு எப்போது நிற்கும் என்று.

எனக்குத் தெரிந்தது வாய் ஒன்றுதான். மாமனார் நிறுத்தினால் நான் ஆரம்பித்துவிடுவேன். "மாமா, அந்தக் கடைக்காரன் கதையைச் சொன்னீங்களே, அப்புறம்?" என்பேன். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கேள்வி கேட்பேன். அவர் எரிச்சலில் எழுந்து போய்விடுவார். போனால் போதும்.

தூங்கப் போகும்போது இவளுக்கு நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் கண் திறந்துவிடும். கதையெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் சமையலறையில் இருக்கிற பாத்திரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்வேன். குண்டான், கரண்டி, மூடி, மூடி இல்லாத குண்டான்... அதைக் கேட்டுத்தான் தூங்கும்.

அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நான் மறந்துவிட்டேன். இவள் காது மறக்கவில்லை.

இப்போது பேசிக்கொண்டே அடி என்கிறார் மாஸ்டர். என் வாய் ஓடுகிறவரை தன்மேல் ஒன்றும் விழாது என்று நம்பிய பெண். அந்த ஒன்றையாவது அவளுக்கு மிச்சம் வைக்கக் கூடாதா? நான் மாட்டேன். எந்த முகாமும் வேண்டாம்.

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். "உங்கண்ணன் எறியட்டும். அவருக்கு வாயே கிடையாது, பிரச்சனையும் கிடையாது."

அவள் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள். "அண்ணன் எறிஞ்சா அண்ணன்கிட்ட பழகுவேன். என் காதுல இருக்கிறது உங்க குரல். அதை நீங்கதான் எடுக்கணும்."

"எடுத்துட்டா? அப்புறம் நான் உனக்கு யாரு?"

"வாயாடி அண்ணி."

"விளையாடாதே."

அப்போதுதான் திரும்பினாள். "அண்ணி, யாராவது பேச்சை நிறுத்தினா இன்னமும் என் தலை தானா ஒதுங்குது. பஸ்ல, கடையில, எங்க வேணா. மாஸ்டர் யோசிக்கும்போதுகூட. இது குத்துச்சண்டைக்கு மட்டும்னு நினைச்சீங்களா?"

கொடியில் கிடந்த துணியை எடுத்து மறுபடி உதறினேன். ஏற்கெனவே உதறிய துணி.

"நான் எறிஞ்சு வலிச்சா?" என்றேன் கடைசியில்.

"காலுறை அண்ணி" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

முடியவில்லை. மனசு ஒத்துக்கொண்டாலும் வாய் ஒத்துக்கொள்ளவில்லை. பேசிக்கொண்டே கையை ஓங்கினால் நாக்கு நின்றுவிடுகிறது. நாக்கை ஓட்டினால் கை தொங்குகிறது. வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டும் ஒரே ஒயர்ல ஓடுது போல. ஒண்ணு போட்டா ஒண்ணு அணையுது" என்றார். இந்த வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான். அவருக்கும் ஒரு காலுறை கிடைத்தது. அது மட்டும் குறி தவறவில்லை.

மார்ச் 27

பட்டன் அக்காவிடம் கேட்டேன், நான் வேலை செய்யும்போது பேசுவேனா என்று. "இஸ்திரியை அழுத்துறப்ப மட்டும் மூடிக்குவே. அந்த நேரத்துலதான் நாங்கல்லாம் மூச்சு விட்டுக்கிறது" என்றாள்.

இன்றிலிருந்து அழுத்தும்போதும் பேசிப் பழகுகிறேன். சூப்பர்வைசர் மேடம் வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். பிரிவு முழுக்க மூச்சு விடாமல் தவிக்கிறது.

ஏப்ரல் 2

பேசிக்கொண்டே அழுத்தினேன், மடித்தேன், அடுக்கினேன். வாய் நிற்கவில்லை. ஒரு காலர் மட்டும் கருகிப் போனது. சூப்பர்வைசர் காட்டிய முகத்தை எழுத இந்த டைரியில் இடம் போதாது.

ஏப்ரல் 5, சனி

இன்று நடந்துவிட்டது.

காய்கறிக்காரன் என்னை ஏமாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜமாகவே கோபம், பயிற்சி என்பதே பாதி மறந்துபோய், "மேல நல்லதா வெச்சு, அடியில பார்த்தா அத்தனையும் அழுகின வெங்கா—" கை தானாக வீசிவிட்டது. நேராக மூக்கில்.

அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற அதே முகம். கிளவுஸ் போட்ட கை இரண்டும் தொங்குகிறது. அண்ணி பேசிக்கொண்டுதானே இருந்தாள், அப்புறம் எப்படி என்று கேட்கிற முகம். வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. போகவில்லை. நானே அடித்துவிட்டு நானே போய் எப்படி...

அவள் அந்தக் காலுறையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

பிறகு மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "அப்புறம் வெங்காயம் என்ன ஆச்சு?" என்றாள்.

"என்ன?"

"பாதியில விட்டுட்டீங்க. அழுகின வெங்காயத்தைத் திருப்பிக் கொடுத்தீங்களா இல்லையா? முதல்ல கதையை முடிங்க. முடிக்கும்போதே இன்னொண்ணு எறிங்க."

முடித்தேன், எறிந்தேன். அதுவும் பட்டது. சிரித்தாள். நானும் சிரித்தேன். சமையலறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி எறிந்தேன்.

ஏப்ரல் 6

ஒரு வார்த்தை பேசாமல், வாளியும் கையுமாக நெடுநேரம் நின்றேன். எறியவில்லை. அவள் ஒதுங்காமல் நிற்க வேண்டும், அதுதான் இன்றைய பயிற்சி. முதலில் தோள் துடித்தது. கண்ணை என் தோளிலேயே வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். அது பயிற்சியா பிரார்த்தனையா என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

"அண்ணி, உங்க வலது தோள் எறியறதுக்கு முன்னாடி லேசா பின்னால போகுது" என்றாள்.

"அது வாயு பிடிச்சது."

"இல்ல, எறியும்போது மட்டும்தான் போகுது."

முதல் முறையாகக் கேட்காமல் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு வந்ததில் பாதிக்கு மேல் படவில்லை. நான் வாயை நிறுத்தவே இல்லை. ரேடியோவும் ஓடியது, வீட்டுக்காரர் இன்னொரு மூலையிலிருந்து டென்னிஸ் பந்து போட்டார். மனிதர் சத்தமே இல்லாமல் போடுகிறார். அதையும் பார்த்துவிட்டாள்.

அவர் உள்ளே போய்க் கதவுப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். நேற்றுத்தான் நான் பெருக்கினேன்.

ஏப்ரல் 19

மாஸ்டர் வரச்சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து பேசுங்கள், தோன்றினால் நிறுத்துங்கள் என்றார். வாழ்நாளில் எனக்கு யாரும் இப்படி ஓர் அனுமதி கொடுத்ததில்லை. நெட்டையிடம் இரண்டே அடிதான் வாங்கினாள். முன்னெல்லாம் நான் எண்ணுவதையே விட்டுவிடுவேன்.

ஏப்ரல் 26, சனி

இன்று தேர்வுப் போட்டி. முதல் சுற்று நெட்டையுடையது. சந்தேகமே இல்லை.

இரண்டாவதில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் நான் செருப்பு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றேதான். வாய் அங்கே, கண் வளையத்தில். நெட்டையின் தோள் திரும்பியது. இடது கை வந்தது. நான் "வார் அறுந்து" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை கட்டெறும்பின் தலை இல்லாத இடத்தில் போயிற்று. அவள் உள்ளே புகுந்து விலாவில் இரண்டு வைத்தாள். அந்த அம்மா, "வார் அறுந்து?" என்றாள்.

மூன்றாவது சுற்றில் என் குரல் போய்விட்டது. தொண்டை கட்டவில்லை, பயம். பேச்சு டக்கென்று நின்றது. ஐயோ, இப்போது போய் நின்றுவிட்டதே, காதில் விழுந்திருக்குமே, ஒதுங்கிவிடுவாளே என்று வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. அவள் அசையவில்லை. நெட்டையின் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் போனபோதுதான் போனாள்.

ஜெயித்தவள் என்று நடுவர் இவள் கையைத் தூக்கிக் காட்டும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அம்மா என் முதுகில் தட்டி, "உங்க பொண்ணா?" என்றாள்.

"நாத்தனார்" என்றேன். பிறகு, "ஆமா" என்றேன்.

ஏப்ரல் 27

முகாமுக்குத் துண்டு, காலுறை, தைலம், பூட்டு வேண்டுமாம். காலுறை நம் வீட்டில் ஒரு வாளி இருக்கிறது.

மே 4, ஞாயிறு

வண்டி ஏற்றிவிட்டு வந்தோம். கட்டிலை மறுபடி கூடத்து நடுவில் இழுத்துப் போட்டார் அவர். வீடு திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது. நான் பேசினேன். அவர் "ம்" கொட்டினார். அவரால் முடிந்தது அவ்வளவுதான், பாவம்.

மே 11, ஞாயிறு

மத்தியானம் கூப்பிட்டாள். காலையில் ஓட்டம், பிறகு பேடில் குத்துப் பயிற்சி, பிறகு சாப்பாடு, இப்போது ஓய்வு நேரமாம். அறையில் இன்னும் மூன்று பெண்கள், எல்லோரும் படுத்துவிட்டார்கள். நெட்டை இந்த வாரம் போன் செய்து வாழ்த்துச் சொன்னாளாம், நல்ல பெண்.

"ஏதாவது பேசுங்க அண்ணி, படுத்துட்டே கேட்கிறேன்" என்றாள்.

பேசினேன். சூப்பர்வைசருக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை, பட்டன் அக்காவுக்குக் கண்ணாடி போட்ட கதை, உங்கண்ணன் தானே சமைக்கிறேன் என்று அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அரிசி போட மறந்த கதை. முதலில் "ம்" வந்தது. பிறகு வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. கதை தீர்ந்துவிட்டது. பழைய பழக்கத்தில் வாய் குண்டான், கரண்டி, மூடி என்று ஆரம்பித்தது.

மூடிக்குப் பிறகு நிறுத்தினேன்.

நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அசையாமல்.

மூச்சு அதே மாதிரி வந்துகொண்டிருந்தது. நீளமாக, நிதானமாக. பக்கத்தில் யாரோ புரண்டு படுத்தார்கள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் வாசலிலிருந்து பார்த்து, "என்ன, பேச்சையே காணோம்?" என்றார். உஷ் என்று கையைக் காட்டினேன். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.